நகர்த்தாத செங்கல்

என் வீட்டுக்காரர் என்னோடு பேசியதைவிடச் சாணக் குழியோடு பேசியதுதான் அதிகம். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. சரி, கோபம்தான், ஆனால் பொய் இல்லை. காலையில் பல்கூட விளக்காமல் கொல்லைப்பக்கம் போவார். குழியின் மேல் கவிழ்ந்திருக்கும் இரும்பு டிரம் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று முழம் போட்டுப் பார்ப்பார். "இன்னா, நல்லாத் தூங்கினியா? வயிறு உப்பிக்கினு நிக்கிறியே" என்று அதைக் கேட்பார். அடுப்படியிலிருந்து நான், "கட்டினவ ஒருத்தி இங்க நிக்கிறேன், என்ன ஒரு வார்த்த கேக்கத் தோணல" என்று கத்துவேன். "நீதான் கேக்காமயே சொல்ற ஆளாச்சே" என்பார். அந்தக் குழிக்கு நான் வைத்திருந்த பெயர் சக்களத்தி.

எங்கள் வீடு ஊருக்குள்ளேயே, சாரம் பகுதியில். மில் மூடிய பிறகு அவர் எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. வாட்ச்மேன் வேலைக்குப் போய் ஒரே வாரத்தில் சண்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கடைசியில் ஒரு மாடு வாங்கினார், அது நான்கானது. பால் தெருவுக்குப் போதவில்லை, சாணம்தான் தெருவுக்கு மிஞ்சிப்போனது. கொட்டகை கழுவிய தண்ணீர் சாக்கடையில் இறங்கி, தெருமுனையில் தேங்கி, பச்சையாக நுரைத்துக்கொண்டு நிற்கும். அங்கிருந்து பெரிய வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கடல். எதிர்வீட்டில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். "முசியே, பால் வேணுமா?" என்று இவர் கேட்டால், மூக்கில் வைத்த கைக்குட்டையை எடுக்காமலேயே தலையை ஆட்டுவார். தன் வீட்டு அடிபம்புத் தண்ணீரிலும் சாண வாடை வந்ததும் அவர் நகராட்சிக்கு எழுதிப் போட்டுவிட்டார். அவர்மேல் தப்பில்லை. நானாக இருந்தால் இன்னும் முன்பே எழுதியிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்களிடம் பால் வாங்கும் டீச்சரம்மா ஒரு வழி சொன்னார். காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தில் கிருமிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். மாட்டின் வயிற்றிலும் சாணத்திலும் ஒருவகைக் கிருமி இருக்கிறதாம். காற்றுப் பட்டால் அதற்கு ஆகாது. காற்றே நுழையாத இடத்தில் மூடி வைத்தால், சாணத்தில் இருக்கிற அழுக்கை எல்லாம் தின்று உடைத்துவிடும். தின்றுவிட்டு அது விடுகிற ஏப்பம்தான் எரிகிற வாயு. மிச்சமாக வெளியே வருவதில் பாதி வாடைகூட இருக்காது, செடிக்குப் போடலாம். இவருக்குத் தலைகால் புரியவில்லை. "காத்தே இல்லாம உயிரோட இருக்குதாண்டி! மில்லுல பஞ்சுத் தூசிக்குள்ள நாங்க இருந்தோமே, அந்த மாரி" என்று நாள் முழுக்க இதே பேச்சு. அடுத்த மாதமே கொல்லையில் பள்ளம் வெட்டி, செங்கல் கட்டி, டிரம்மைக் கவிழ்த்துவிட்டார்.

டீச்சரம்மா சொன்னதில் இரண்டு விஷயத்தை அவர் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார். ஒன்று, இன்றைக்குக் கரைத்து ஊற்றுகிற சாணம் குழிக்குள் ஏறக்குறைய நாற்பது நாள் தங்கிவிட்டுத்தான் வெளியே வரும். இன்னொன்று, ஃபினாயில் ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது. கொட்டகையிலிருந்து வரும் சிறு வாய்க்கால் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை குழிக்கு, ஒரு கிளை சாக்கடைக்கு. நடுவில் ஒரு செங்கல். எந்தக் கிளையை அடைக்க வேண்டுமோ அந்தப் பக்கம் அதை நகர்த்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபினாயிலோ பிளீச்சிங் பவுடரோ போட்டுக் கழுவினால் குழிப்பக்கம் அடைத்துவிடுவார். மாட்டுக்கு மடி வீங்கி ஊசி போட்டிருந்தாலும் அந்த மாட்டின் சாணத்தைக் குழியில் சேர்க்க மாட்டார். "கிருமியக் கொல்லத்தான் ஃபினாயிலே இருக்குது. நம்ம கிருமி, ஊரான் கிருமின்னு அதுக்கு அடையாளம் தெரியுமா?" என்று என்னிடமும் தன் அக்காவிடமும் மாறி மாறிச் சொல்வார். அவருடைய அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். புருஷன் போன பிறகு எங்களோடுதான் இருந்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் மூன்று பேர், நான்கு மாடு, ஒரு குழி.

இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு, குனிந்து நிமிர்கிற வேலை கூடாது என்று டாக்டர் சொன்னபோது நானும் கூட இருந்தேன். "சரி டாக்டர், சரி டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் சாணிக் கூடையோடு நின்றார். நான் கூடையைப் பிடுங்கினேன். "உங்க ரெண்டு பேருக்கும் கரைக்கத் தெரியாதுடி. வைக்கோல் இருந்தா கட்டிக்கும்" என்று திரும்பப் பிடுங்கிக்கொண்டார். கையை முழங்கைவரை உள்ளே விட்டுத்தான் கரைப்பார். ஒரு வைக்கோல் துண்டு, ஒரு கல் தங்க விடமாட்டார்.

அன்றைக்கும் அப்படித்தான் போனார். இரண்டு வாளி கரைத்து ஒன்றைக் குழியில் ஊற்றியிருந்தார். காபி ஆறுகிறது என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். மூன்றாம் தடவை திட்டிக்கொண்டே போனேன். கரைக்கும் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கைவரை பச்சை. நான் திட்டியது காதில் விழுந்திருக்குமோ என்பதுதான் இன்றுவரை எனக்கு உறுத்தல். அந்தக் கையை அண்ணிதான் கழுவிவிட்டார். எல்லாரும் அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் மட்டும் அங்கேயே நின்று, கரைத்து வைத்திருந்த இரண்டாவது வாளியை எடுத்துக் குழியில் ஊற்றினேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. வீணாகக் கூடாது என்று பட்டது.

சாவு வீட்டில் காரியம் முடிகிறவரை அடுப்பு எரியாது. சொந்தக்காரர்கள் உப்பளம் பகுதியிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் தூக்குப் பாத்திரத்தில் சோறு கொண்டுவந்தார்கள். அடுப்பு எரியாததால் குழியில் உண்டாகிற வாயு அப்படியே சேர்ந்துகொண்டே போனது. டிரம் எழும்பி எழும்பி, அவர் இருந்த காலத்தில் நான் ஒருநாளும் பார்க்காத உயரத்துக்கு வந்து நின்றது. அதற்குமேல் எழ முடியாமல் ஓரத்தில் குளுக், குளுக் என்று குமிழி விட்டது. பகலெல்லாம் அந்தச் சத்தம். கூடத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு, "யாரு பின்னால?" என்று கேட்டார்கள். "யாருமில்ல, கேஸ்" என்றேன். அண்ணி என்னைப் பார்த்து, "எந் தம்பி மூச்சுடி அது" என்றார். அதட்டினேன். ஆனால் பால் கறக்க உட்காரும்போது எனக்கும் அப்படித்தான் கேட்டது. முதுகுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ சொல்ல வந்து நிறுத்துகிற மாதிரி. திரும்பிப் பார்ப்பேன். டிரம்தான் நிற்கும்.

மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. அவர் கையால் கரைத்த கடைசி வாளி உள்ளே இருக்கிறது. நாற்பது நாள் இருக்கும். அதற்கு முந்தின நாளுடையது முப்பத்தொன்பது, அதற்கு முந்தினது முப்பத்தெட்டு. குழி முழுக்க அவர் கைதான். அதை நினைத்தால் ஒரு நேரம் ஆறுதலாக இருக்கும், மறுநேரம் கொல்லைப்பக்கமே போகப் பிடிக்காது. துக்கம் கேட்க வந்தவர்கள் வேறு சும்மா இருந்தார்களா? "இந்தக் குழிதாம்மா காவு வாங்கிடுச்சு" என்று ஒருத்தி சொன்னாள். வருகிறவர்களெல்லாம் அதையே பிடித்துக்கொண்டார்கள். பத்து நாளில் நானும் நம்பிவிட்டேன். எங்கள் ஆளைத் தின்றுவிட்டு வயிறு முட்ட ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறது பார், என்று அந்த டிரம்மைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முதல்நாள் வீடு முழுக்கக் கழுவிவிட வேண்டும், அது வழக்கம். தீட்டுக் கழிகிற கழுவல். மறுநாள் கொல்லையில்தான் பந்தி என்பதால் கொட்டகையையும் சேர்த்துக் கழுவச் சொன்னார்கள். அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஃபினாயில் கேனைத் தூக்கினார். பிளீச்சிங் பவுடரை ஏற்கெனவே தூவியிருந்தார். நான் வாய்க்கால் பிரிகிற இடத்தில் விளக்குமாற்றோடு நின்றேன். செங்கல் சாக்கடைப் பக்கம் இருந்தது. அதாவது, ஊற்றினால் எல்லாம் குழிக்குப் போகும். அண்ணி கேனைச் சாய்ப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். நான் செங்கல்லைப் பார்த்தேன். குனிந்து ஒரு சாண் தள்ளினால் போதும். டிரம் குளுக் என்றது. நான் குனியவில்லை.

வெள்ளையாகத் திரண்ட தண்ணீர் என் காலை உரசிக்கொண்டு குழிக்குள் இறங்கியது. கேன் காலியானதும் அண்ணி இன்னொரு கேனைத் திறந்தார். அதுவும் போனது. பிறகு யார் கேட்டாலும் மறந்துவிட்டேன் என்று சொன்னேன். மறக்கவில்லை.

காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு அடுப்பை ஏற்றினோம். சேர்ந்திருந்த வாயுவில் கொஞ்ச நாள் எரிந்தது. அப்புறம் நீலம் போய் மஞ்சளாகத் தள்ளாடியது. ஒரு மத்தியானம் சோறு பாதி வேகும்போது அணைந்துவிட்டது. நான் கொல்லைக்கு ஓடினேன். டிரம் அடியோடு உட்கார்ந்திருந்தது. காதை வைத்தேன். ஒரு சத்தம் இல்லை. ஐயோ, அந்த அமைதியை என்னவென்று சொல்ல! எது நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனோ அது நின்றுவிட்டது. இப்போது அது நின்றதுதான் என் காதில் இரைந்தது. பால் கறக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரும் செருமவில்லை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

குழி செத்துவிட்டது என்பது தெருவுக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை. வெளியே வருகிற கரைசல் பழையபடி பச்சையாக, புளித்த வாடையோடு வந்தது. தின்ன வேண்டிய கிருமி இல்லை, அழுக்கு அழுக்காகவே வந்து சாக்கடையில் நின்றது. அவர் கரைத்த கடைசி வாளியும் அப்படித்தான் போயிருக்கும். எரியாமல், எதற்கும் ஆகாமல், வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போயிருக்கும். அந்த நினைப்பு வந்த அன்று நான் சாப்பிடவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் கைக்குட்டையோடு வந்து, "உங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் இப்படி இல்லையேம்மா" என்று மெதுவாகத்தான் சொன்னார். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். ஒரு மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் மாடுகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்றார்.

அண்ணி அன்றைக்கு ஊற்றிய ஃபினாயிலை நினைத்துக்கொண்டார். அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. டிரம்முக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, இரும்பில் காதை வைத்துக்கொண்டே இருப்பார். "எந் தம்பிய ரெண்டாந்தரம் நானே கொன்னுட்டேண்டி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுப்பேன். "போனா போவுது விடுங்க அண்ணி, தெரியாமதான செஞ்சீங்க" என்பேன். இப்படிச் சொல்ல எனக்கு நாக்கு எப்படி வந்தது? அண்ணியிடம் மட்டும் செங்கல் என்ற வார்த்தையை நான் எடுக்கவே இல்லை. எழுபது வயசு மனுஷி என் பழியைத் தூக்கிக்கொண்டு இளைத்துக்கொண்டே போனார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சரம்மாதான் மறுபடியும் வந்து பார்த்தார். எட்டிப் பார்த்து, முகர்ந்து, ஏதோ ஒரு காகிதத்தை நனைத்து நிறம் பார்த்தார். முக்கால் குழியை இறைத்துவிட்டு, தண்ணீர் விட்டு, புளிப்புப் போகக் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் சேர்க்கச் சொன்னார். "அப்புறம் நல்லா ஓடற குழியிலேர்ந்து கரைசல் கொண்டாந்து ஊத்தணும். தயிருக்கு உறை ஊத்தற மாதிரிதாம்மா. உறை இல்லாம பால் எத்தன நாள் இருந்தாலும் கெட்டுத்தான் போவும்" என்றார். யாரிடம் போய் உறை கேட்பது? அண்ணிதான் சொன்னார். "காலாப்பட்டுல ஒரு வீட்டுக்குத் தம்பி குடுத்தானே. நீ அன்னிக்கி ஆடின ஆட்டம் மறந்துபோச்சா?"

மறக்குமா? எங்கள் குழி ஓட ஆரம்பித்து இரண்டு வருஷம் இருக்கும். காலாப்பட்டில் மாடு வைத்திருக்கும் ஒருவர் புதிதாகக் குழி கட்டிவிட்டு உறைக்கு வந்தார். இவர் ஆறு கேன் நிரப்பிக் கொடுத்தார். அன்று வெள்ளிக்கிழமை. "வெள்ளிக்கெழம எவனாவது வீட்லேர்ந்து எடுத்துக் குடுப்பானா? லட்சுமி போயிடும்" என்று நான் வாசலில் நின்று கத்தினேன். இவர் சிரித்துக்கொண்டே, "சாணிக்கு இன்னாடி வெள்ளி, செவ்வா" என்றார். அதற்காக மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.

நான் ஒரு லோடு ஆட்டோவில் காலி கேன்களோடு காலாப்பட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த நிலையில் அடுத்தவர் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பார்கள். கேட்டுக்கு வெளியிலேயே நின்று கூப்பிட்டேன். அந்த வீட்டுப் பெண் வந்தார். யார் என்று சொன்னதும் முகம் மாறிப்போய், என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "நான் வரக்கூடாதும்மா" என்றேன். "அட வாங்கக்கா, நீங்க வேற" என்று விடவில்லை. கொல்லைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு டிரம் நன்றாக எழும்பி நின்றது. குளுக் என்றது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணே கேன்களை நிரப்பினார். காற்றுப் படக்கூடாது என்று விளிம்புவரை ஊற்றி மூடியை இறுக்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஐயோ, இன்னிக்கி வெள்ளிக்கெழமைம்மா. நாளைக்கி வந்து வாங்கிக்கிறேன்" என்றேன். அவர் சிரித்தார். "அண்ணன் எங்களுக்குக் குடுத்ததும் வெள்ளிக்கெழமதானாமே. எங்க வூட்டுக்காரரு இன்னிக்கும் சொல்லிச் சிரிப்பாரு. சாணிக்கு இன்னா வெள்ளி, செவ்வான்னாராமே!" என்றார். இத்தனை வருஷம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாயிலிருந்து அவர் பேச்சு வருகிறது. நான் சாணத் தரையில் உட்கார்ந்தபடியே ஓவென்று அழுதேன். அந்தப் பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இது உங்களுதுதாங்கக்கா. நாங்க தீனிதான் போட்டோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கேன்களைக் குழியில் கவிழ்த்தோம். ஒரு வாரம் சாணம் போடவே இல்லை. அப்புறம் நாளுக்கு அரை வாளி. கையை முழங்கைவரை விட்டு நானே கரைத்தேன். வைக்கோல் நகக்கண்ணில் குத்தியது. அண்ணி முக்காலியில் உட்கார்ந்து டிரம்மின் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டுக் காத்திருந்தார். நகராட்சிக்காரர் சொன்ன மாதம் முடிய ஐந்து நாள் இருந்தபோது கோடு ஒரு விரல்கடை மேலே வந்தது. மறுநாள் நான்கு விரல்.

முதலில் வருகிற வாயுவைக் கொளுத்தக் கூடாது. உள்ளே காற்றும் கலந்திருக்கும், வெடித்துவிடும். அப்படியே திறந்துவிட வேண்டும். நான் வால்வைத் திருகினேன். உஸ்ஸென்று நீளமாக வெளியேறியது. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த மூச்சைக் கையாலேயே வெளியே விட்டுக்கொண்டு நின்றேன். அண்ணி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த செம்புக் காப்பு மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு வழுக்கி இறங்கியது. அவ்வளவு இளைத்திருந்தார். இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"அண்ணி, அன்னிக்கி நான் செங்கல்லப் பாத்தேன். மறக்கல. வேணும்னுதான் நகத்தாம நின்னேன். நீங்க ஒண்ணும் கொல்லல" என்றேன்.

அண்ணி கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"நீ செங்கல்லையே பாத்துக்கினு நின்ன. நகத்துவன்னு பாத்தேன். நகத்தல. சரி, இவளுக்கும் இந்தக் குழி வேணான்னு தோணுதுன்னு ஊத்திட்டேன்."

"அப்ப உங்களுக்கும் தெரிஞ்சுதான்…"

"எந் தம்பி அந்தச் செங்கல்லப் பத்திப் பேசாத நாள் உண்டா? எனக்கு மட்டும் தெரியாமப் போயிடுமா?"

"அப்ப ஏன் அண்ணி பழிய நீங்க ஒருத்தரே ஏத்துக்கினீங்க?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நீ எப்ப வாயத் தொறப்பேன்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றார்.

வால்வில் உஸ்ஸென்ற சத்தம் குறைந்து நின்றது. அவரே எழுந்து அதை மூடினார். இரண்டு நாள் கழித்து அடுப்பு நீலமாக எரிந்தது. முதலில் டீ போட்டோம். அண்ணி இரண்டு டம்ளர் குடித்தார். மாடுகள் எங்கள் கொட்டகையிலேயே இருக்கின்றன. சாக்கடையில் வாடை இல்லை.

குழி இப்போதும் குளுக் என்கிறது. காலாப்பட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது அவர் கொடுத்ததுதான் என்று சில நாள் நம்புகிறேன். சில நாள் அது வெறும் சாணிக் குழிதான். கொட்டகை கழுவும் நாளில் எங்களில் ஒருத்தி செங்கல்லை நகர்த்துவாள். இன்னொருத்தி போய், அது சரியாக நகர்ந்திருக்கிறதா என்று காலால் தொட்டுப் பார்ப்பாள்.